திடல்களைத் தேடி ஒரு பயணம்



வரலாறு என்றதும் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவன கோட்டையும் கொத்தளமும் மன்னரும் போரும்தான். கோல சிலாங்கூரில் மெலாவத்திக் குன்றுக்கு மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றால், பீரங்கியின் மேல் கை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் வரலாறுதான், மறுக்கவில்லை. ஆனால் பந்து உதைத்த மண்ணுக்கும் ஒரு வரலாறு உண்டு. அந்த மண்ணில் நம் அப்பன் பாட்டன் கால் பட்டிருக்கிறது. அதை எழுதி வைப்பார் இல்லை என்பதே குறை.

இக்குறையை ஓரளவேனும் போக்கலாமே என்றுதான், பள்ளி விடுமுறையில் மூன்று நாள் ஒதுக்கி, விளையாட்டுத் திடல்களையும் அரங்கங்களையும் பார்த்துவர ஒரு பயணம் மேற்கொண்டேன். துணைக்கு வந்தவர் நம் தோட்டத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற மாமா. இளமையில் தோட்டக் காற்பந்துக் குழுவின் கோல்கீப்பராக இருந்தவர். வலக்கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கும். கேட்டால், "அது பந்து குடுத்த மெடல், வாத்தியாரே" என்பார். என் பழைய புரோட்டான் காரில், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டோம். நக்கோடா என்றால் மரக்கலத் தலைவன். கடலோடி ஒருவன் பெயர் தாங்கிய ஊரிலிருந்து கிளம்பும் பயணம் வீண்போகாது என்று சொல்லிக்கொண்டோம்.

பால்மரமும் பந்தும்

சுங்கை புசார், செகிஞ்சான் வயல்வெளி, தஞ்சோங் காராங், கோல சிலாங்கூர் கடந்து உள்ளே திரும்பினால் பெஸ்தாரி ஜெயா. பத்தாங் பெர்ஜுந்தை என்றால்தான் பெரியவர்களுக்குப் புரியும். 2007-இல்தான் பெயர் மாறியது. அந்த வட்டாரத்தில்தான் தென்னமரம் தோட்டம் இருக்கிறது. பெயரிலேயே தமிழ் இருக்கிறது பாருங்கள்! 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்நாட்டிலேயே முதன்முதலாக வாணிபத்துக்கென்று செம்பனை பயிரிட்ட இடம் அது.

திடலைத் தேடப் போனவர்கள் செம்பனையைப் பார்ப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. தோட்டத்துக் காற்பந்து வளர்ந்தது ரப்பர்க் காலத்தில். பால்மரம் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாகப் பால் விடும். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே இருட்டிலேயே பெரட்டு, விடியலில் சீவு, நண்பகலில் பால் சேகரித்து நிறுவைக்குக் கொண்டுபோவது, பிற்பகலில் வீடு என்று ஒரு கடிகாரம் இருந்தது. மாலை நான்கரைக்கு மேல் பொழுது நம்முடையது. லயத்துப் பையன்கள் நூறு பேரும் ஒரே நேரத்தில் ஓய்வாக இருப்பார்கள். லயத்துக்கும் கோயிலுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரு புல்வெளி. இரும்புக் குழாயோ பால்மரக் கட்டையோ நட்டால் கோல் கம்பம். சுண்ணாம்பு கரைத்து ஊற்றினால் கோடு. வேறென்ன வேண்டும்?

"பூட்ஸ் கெடையாது. பதினோரு பேருக்கு நாலு ஜோடி. அதையும் ஆளுக்கு ஒத்தக் கால் போட்டுக்கிட்டு ஆடியிருக்கோம்" என்று மாமா சிரித்தார்.

செம்பனை வந்தது. அதே நிலத்துக்கு வேண்டிய ஆள் குறைந்தது. லயங்கள் காலியாயின. பந்து உதைக்க ஆள் இல்லாத திடலில் புல் மண்டியது. பிறகு அங்கும் செம்பனைக் கன்று நட்டார்கள். நான் பிறந்து வளர்ந்த தோட்டத்திலும் இதுதான் நடந்தது. அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. ஒரு தோட்டத்தின் கதையா அது? பல தோட்டங்களின் கதை!

இடிபடும் அரங்கம்

அடுத்துச் ஷா ஆலாம் சென்றோம். 1994-இல் திறக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கம் ஏறத்தாழ எண்பதாயிரம் பேர் அமரக்கூடியதாக இருந்தது. சிலாங்கூர்க் குழுவின் சிவப்பும் மஞ்சளும் நிறைந்து கிடந்த இடம். 2024-இல் அதை இடிக்கும் வேலை தொடங்கியது. அவ்விடத்தில் புதிய விளையாட்டு வளாகம் கட்டத் திட்டம்.

மாமா காரிலிருந்து இறங்கி நெடுநேரம் நின்றார். "முப்பது வருசம்தான் ஆச்சு. எங்க லயம் அறுபது வருசம் நின்னுச்சே!" என்றார். சிரிப்பாகச் சொன்னதாகவே எனக்குத் தோன்றியது. ஆனால் அவர் சிரிக்கவில்லை.

பெரிய அரங்கத்துக்கே இந்தக் கதி என்றால் சின்னத் திடலின் ஆயுள் எம்மாத்திரம்! கல்லும் கம்பியும் மட்டும் ஓர் இடத்தைக் காப்பாற்றிவிடாது என்ற பாடத்துடன் அங்கிருந்து கிளம்பினோம்.

கப்பல் தந்த கிண்ணம்

மறுநாள் காலை கோலாலம்பூர். முதலில் மெர்டேக்கா சதுக்கத்துக்குப் போனோம். 1884-இல் அமைக்கப்பட்ட சிலாங்கூர் கிளப்பின் எதிரே இருக்கும் இந்தப் பசும்புல் திடலில் ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் கிரிக்கெட் ஆடினார்கள். 1957 ஆகஸ்டு 30 நள்ளிரவில் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியதும் இதே திடலில்தான். ஆளுவோர் பொழுதுபோக்கிய இடத்திலேயே ஆட்சி கைமாறியது என்பதை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

நாம் இன்று மலேசியக் கிண்ணம் என்று கொண்டாடும் போட்டி 1921-இல் தொடங்கியது. 'மலாயா' என்ற போர்க்கப்பலின் அதிகாரிகளும் மாலுமிகளும் நம் துறைமுகங்களுக்கு வந்து, உள்ளூர்க் குழுக்களோடு விளையாடி மகிழ்ந்து, நன்றியாகக் கொடுத்த கிண்ணம் அது. முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கணக்கில் சிலாங்கூரை வென்றது.

அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்தது யார் தெரியுமா? நான்கு மாநிலங்கள் சேர்ந்த அன்றைய மலாய் கூட்டு மாநில அரசு. அந்த அரசுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும்தான். அப்படியென்றால், சாமத்தில் எழுந்து பால் சீவிய நம் பாட்டன் பாட்டியின் வியர்வையும் அந்தக் கிண்ணத்தில் ஒரு துளி உண்டு. இதைச் சொன்னதும் மாமா, "அப்ப கப்புல நமக்கும் பங்கு இருக்குன்னு சொல்லுங்க" என்றார். இருக்கத்தான் செய்கிறது.

மெர்டேக்கா அரங்கம்

அங்கிருந்து மெர்டேக்கா அரங்கம். 1956 செப்டம்பரில் வேலை தொடங்கி ஓராண்டுக்குள் கட்டி முடித்து, 1957 ஆகஸ்டு 30-இல் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்தார். மறுநாள் காலை இங்கேதான் துங்கு கையை உயர்த்தி "மெர்டேக்கா" என்று ஏழு முறை முழங்கினார். 1963 செப்டம்பர் 16-இல் மலேசியா உருவான அறிவிப்பும் இங்கேதான். ஒரு நாடு விளையாட்டு அரங்கத்தில் பிறந்தது என்பது எத்துணைப் பெருமை!

பிறகு அது மக்களின் அரங்கமாயிற்று. 1975 மார்ச்சில் கோலாலம்பூரில் உலகக் கிண்ண வளைகோற்பந்துப் போட்டி நடந்தது. இந்தியா பாகிஸ்தானை 2-1 என்று வென்று கிண்ணம் பெற்ற இறுதியாட்டம் இந்த அரங்கத்தில்தான். அரையிறுதியில் அதே இந்தியாவை நம் மலேசியா நடுங்க வைத்து, கூடுதல் நேரம் வரை இழுத்து, 2-3 என்று தோற்றது. அக்குழுவின் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். குழுவில் பாலசிங்கம், மகேந்திரன், ராமகிருஷ்ணன், பத்மராஜா என்று நம்மவர் பெயர்கள். உலகில் நான்காவது இடம். அதற்குமேல் மலேசியா உலகக் கிண்ணத்தில் இன்றுவரை ஏறவில்லை. அதே ஆண்டில் முகமது அலி இங்கு வந்து ஜோ பக்னருடன் பதினைந்து சுற்று மோதி வென்றார்.

மாமாவுக்கு 1980-தான் பெரிது. அவ்வாண்டு ஏப்ரலில் மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் மலேசியா தென் கொரியாவை 2-1 என்று வென்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். சோ சின் ஆன், சந்தோக் சிங் போன்றோர் தற்காத்தனர். கோல் கம்பத்தின் நடுவே நின்றவர் நம் ஆறுமுகம். நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' என்று பெயர் வாங்கியவர்.

"தோட்டத்து லாரியில ஒரு லாரி ஆள் போனோம். ஆறுமுகத்தோட கை இருக்கே வாத்தியாரே, அது கை இல்ல, வலை. திரும்பி வர்றப்ப தொண்டை கட்டிப்போச்சு ஒருத்தனுக்கும் பேச்சு வரல. மறுநா காலையில பெரட்டுல கங்காணி பேரக் கூப்புடுறாரு, எவனும் 'ஆஜர்'னு சொல்ல முடியல!"

ஆனால் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. மலேசியாவும் போகவில்லை. தகுதி பெற்றும் போக முடியாத குழு அது. ஆறுமுகம் 1988-இல் கார் விபத்தில் காலமானார். வயது முப்பத்தைந்து.

இந்த அரங்கமும் ஒரு சமயம் மறைந்திருக்க வேண்டியதுதான். 1990-களில் புதிய தேசிய விளையாட்டு வளாகம் கட்டும் ஏற்பாட்டில் இந்த நிலம் மேம்பாட்டுக்காகக் கைமாறியது. 1997-இல் நிதி நெருக்கடி வந்து வேலை நின்றது. மரபுச் சின்னத்தைக் காக்க வேண்டும் என்று பலர் குரல் கொடுத்தனர். 2003-இல் அது தேசிய மரபுக் கட்டடமாக அறிவிக்கப்பட்டது. சுதந்திரப் பொன்விழாவையொட்டி 1957-இல் இருந்த கோலத்துக்கே மீட்டெடுத்தார்கள். 2008-இல் அந்தப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதும் கிடைத்தது. இன்று பக்கத்தில் 678.9 மீட்டர் உயரத்தில் மெர்டேக்கா 118 கோபுரம் வானைத் தொடுகிறது. அதன் காலடியில் அரங்கம் சிறு கிண்ணம்போல் தெரிகிறது. ஆனால் கோபுரத்துக்குப் பெயர் கொடுத்தது அந்தச் சிறு கிண்ணம்தான்!

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

"நம்மளப் போல திடல் பாக்கக் கிளம்புற பைத்தியம் வேற எங்கயாச்சும் உண்டா?" என்று மாமா கேட்டார். உண்டு. அமெரிக்க நாட்டில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். தடியால் பந்தை அடித்து, நான்கு முனைகளையும் சுற்றி ஓடி வரவேண்டும். கோடை விடுமுறையில் அப்பனும் மகனும், நண்பனும் நண்பனுமாகக் காரில் கிளம்பி, ஊர் ஊராய் அந்த அரங்கங்களைப் பார்ப்பது அங்கு ஒரு வழக்கம். பாஸ்டன் நகரில் 1912-இல் திறந்த ஃபென்வே அரங்கமும், சிக்காகோவில் 1914-இல் திறந்த ரிக்லி அரங்கமும் நூறாண்டு தாண்டியும் ஆட்டம் கண்டுகொண்டிருக்கின்றன.

ஆனால் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் எபெட்ஸ் அரங்கம் என்று ஒன்று இருந்தது. கறுப்பினத்தவரைப் பெரிய குழுக்களில் சேர்க்காத காலத்தில், 1947 ஏப்ரல் 15-இல், ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின வீரர் அந்த அரங்கத்தில் இறங்கித் தடையை உடைத்தார். மெர்டேக்கா அரங்கம் திறந்த அதே 1957-இல் எபெட்ஸ் அரங்கத்தில் கடைசி ஆட்டம் நடந்தது. 1960-இல் இடித்துவிட்டார்கள். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகள். இருந்தும் ராபின்சனை அமெரிக்கர் மறக்கவில்லை. 1997-இல் அவர் சட்டை எண் 42-ஐ எல்லாப் பெரிய குழுக்களும் இனி வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தன.

இதைக் கேட்டு மாமா சொன்னார்: "எடம் போனாலும் பேர எழுதி வச்சிருக்கான் பாருங்க." என் பயணத்தின் பொருள் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

தோட்டத்தின் மேல் எழுந்த அரங்கம்

மாலையில் புக்கிட் ஜாலில். 1998-இல் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகத் திறந்த தேசிய அரங்கம். எண்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் அமரலாம். பிள்ளைகளே, ஒன்றைக் கவனியுங்கள்: புக்கிட் ஜாலில் என்பது அதற்கு முன்பு ரப்பர்த் தோட்டம். லயமும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இருந்த மண். அத்தோட்டத்தின் கடைசிக் குடும்பங்கள் வீட்டு நிலம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடிய செய்தியைப் பெற்றோர்கள் நாளிதழ்களில் படித்திருப்பீர்கள்.

அந்த 1998 போட்டிகளில் 50 கிலோமீட்டர் விரைவு நடையில் தங்கம் வென்றவர் நம் சரவணன் கோவிந்தசாமி. நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடாமல், நிற்காமல், நடந்தே வென்ற தங்கம்! பால் வாளியோடு நிரை நிரையாய் நடந்த ஒரு சமூகத்துக்கு நடையில் தங்கம் கிடைத்தது பொருத்தந்தானே என்று எண்ணிக்கொண்டேன்.

வடக்கே ஒரு சுற்று

மூன்றாம் நாள் தாப்பா வழியாக ஈப்போ. தாப்பா என்றால் எனக்கு எம். இராஜாமணி நினைவு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966 பேங்காக் ஆசியப் போட்டியில் 400 மீட்டரில் தங்கம் வென்று, அவ்வாண்டு நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதைப் பெற்றார். அதே போட்டியில் மருத்துவர் மணி ஜெகதீசன் மூன்று தங்கம் வென்றார். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை அவர் 20.92 விநாடியில் ஓடிய தேசியச் சாதனை 2017 வரை, நாற்பத்தொன்பது ஆண்டுகள், முறியாமல் நின்றது. எங்கள் மாணவிகளுக்குச் சொல்கிறேன்: திடல் ஆண்பிள்ளைக்கு மட்டும் என்று யாராவது சொன்னால் இராஜாமணியின் பெயரைச் சொல்லுங்கள்.

ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா வளைகோற்பந்து அரங்கத்தைக் கண்டோம். 1983-இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டிக்கு உலக நாடுகளின் குழுக்கள் இங்கு வருகின்றன. பிறகு தெலுக் இந்தானில் தேநீர் குடித்து, பெர்ணம் ஆற்றைக் கடந்து, சபாக் வழியே இருட்டுவதற்குள் ஊர் திரும்பினோம்.

நாம் செய்ய வேண்டியது

மூன்று நாளில் நான் கண்டது இதுதான். காக்கப்பட்ட அரங்கம் ஒன்று, இடிபடும் அரங்கம் ஒன்று, தோட்டத்தின் மேல் எழுந்த அரங்கம் ஒன்று. மெர்டேக்கா அரங்கம் பிழைத்ததற்குக் காரணம் அது அழகான கட்டடம் என்பது மட்டும் அல்ல. அங்கே என்ன நடந்தது என்பது எழுதப்பட்டிருந்தது. கேட்க ஆள் இருந்தது. நம் தோட்டத் திடல்கள் மறைந்தபோது கேட்க எவரும் இல்லை. ஏனென்றால் அங்கு யார் ஆடினார், யாரை வென்றார் என்று ஒரு துண்டுத் தாளில்கூட இல்லை.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. அப்படிப் பிறந்தவைதாம் நம் தோட்டப் பள்ளிகள் பல. தோட்டம் போனாலும் பள்ளி நிற்கிறது. பள்ளியோடு ஒரு திடலும் நிற்கிறது. சுற்றுவட்டாரத்தில் நம் பிள்ளைகள் உரிமையோடு ஓடக்கூடிய புல்வெளி இன்று அது ஒன்றுதான். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும். திடலை வைத்துத்தான் வீரனை வளர்க்க வேண்டும்.

ஆகவே பெற்றோர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, பள்ளித் திடலில் கட்டடமோ கார் நிறுத்துமிடமோ கேட்கும்போது, அதற்கு வேறு இடம் உண்டா என்று ஒரு முறைக்கு இரு முறை யோசியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வந்து உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள். மற்றொன்று, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய குழுப் படங்கள் இருந்தால் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவோம். மாணவர்களே, படத்தில் நிற்பவர் யார், எந்த இடத்தில் ஆடினார், எந்த ஆண்டு என்று தாத்தாவிடம் கேட்டு எழுதி வாருங்கள். கையெழுத்து நன்றாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பெயர் சரியாக இருக்கட்டும்.

அடுத்த ஆண்டுப் பரிசளிப்பு விழா மலரில் அந்தப் பெயர்கள் ஒரு முழுப் பக்கத்தில் வரவேண்டும் என்பது என் ஆசை. முதல் பெயரை இப்போதே என் குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். கோல்கீப்பர் இடத்தில்!